மெனுவில் இரண்டு வரி

பாசமுள்ள அண்ணனுக்கு,

நீங்கள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து மூன்று மாதம். தம்பி செல்வம் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் பிடித்தவனைப் பொலிஸில் அப்படியே வைத்திருக்கிறார்கள். கொழும்பில் குண்டு வெடித்த அன்று அவன் நாவலப்பிட்டிக் கடையில் வேலையில் நின்றான் என்று காட்ட, வேலைக்கு வந்தவர்கள் கையெழுத்துப் போடும் இடாப்புப் பக்கத்தையும் முதலாளியின் கடிதத்தையும் கொடுத்தோமே, அந்த இரண்டும் தொலைந்துவிட்டதாம். எவ்வளவு லேசாகச் சொல்கிறார்கள் அண்ணே! முதலாளி இன்னொரு கடிதம் தரப் பயப்படுகிறார். இடாப்பையும் கண்ணில் காட்டவில்லை.

கொடுக்குமுன் இரண்டையும் நீங்கள் ஸ்கேன் பண்ணி வைத்தது நினைவு வந்தது. ஆனால் எங்கே? நம் டைப்பிங் கடைக் கொம்பியூட்டரில், லினக்ஸ் பக்கத்தில். சிங்களக் கடிதங்களுக்கு விண்டோஸ், தமிழில் உள்ளதெல்லாம் லினக்ஸ் என்று ஒரே கொம்பியூட்டரில் இரண்டு சிஸ்டமாகப் பிரித்து வைத்திருந்தீர்கள். சுற்றிவளைப்புக்கு வருகிறவர்கள் கொம்பியூட்டரையும் போட்டுப் பார்ப்பார்கள் என்று, எதைத் திறப்பது என்று கேட்கும் மெனுவையே மறைத்து, நேராக விண்டோஸ் வரும்படி செய்தீர்கள்.

நான் செய்த கூத்தைக் கேளுங்கள். வைரஸ் என்று போன மாதம் விண்டோஸை மறுபடி போட்டேன். அது அந்த மெனுவைக் கொண்டுவரும் உங்கள் பூட் லோடரை அழித்துவிட்டது. லினக்ஸ் டிஸ்க்கில் பத்திரமாகத்தான் இருந்தது, போகத்தான் வழியில்லை. என் கையாலேயே தம்பியின் கதவைப் பூட்டிவிட்டேனே என்று கதிரையில் உட்கார்ந்து அழுதேன்.

பிறகு கடையைப் பூட்டிவிட்டு, அலுமாரியில் இருந்த உங்கள் லினக்ஸ் சீடியைப் போட்டேன். பூட் லோடரைத் திரும்ப எழுதினேன். திரையில் பிழை பதினேழு என்று வந்து நின்றது. விண்டோஸும் போச்சு. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். நான் டிஸ்க்கின் பகுதிகளை ஒன்றிலிருந்து எண்ணியிருக்கிறேன், அது பூச்சியத்திலிருந்து எண்ணுமாம்! எண்ணில் ஒன்றைக் குறைத்தேன். எஸ்கேப்பை அழுத்தியதும் மறைந்திருந்த மெனு வந்தது, இரண்டு வரி. கடிதமும் இருந்தது, இடாப்பும் இருந்தது. செல்வத்தின் கையெழுத்தைப் பார்த்ததும் திரையைத் தொட்டேன்.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு பொலிஸுக்கு ஓடினேன். அதிகாரி புரட்டிப் பார்த்தார். "நேத்து அடிச்சதா இது? கொம்பியூட்டரைக் கொண்டு வாங்க. நாளைக்குக் காலையில பார்ப்போம்" என்றார்.

இப்போது என்ன செய்வேன்? மெனு தெரிந்தால், ஏன் இரண்டு சிஸ்டம், எதை ஒளித்தீர்கள் என்று கேட்பார்கள். உங்கள் தமிழ்க் கடிதங்களையெல்லாம் கிளறுவார்கள். மறைத்தால், ஸ்கேன் பண்ணிய நாளைக் காட்ட முடியாது. இதைக் கேட்டதிலிருந்து அம்மா நம் பழைய ஊர் ஹுன்னஸ்கிரியவுக்கே திரும்பிப் போவோம் என்கிறார்.

"அவன் மறைச்சு வச்சதாலதான் இவ்வளவு நாள் தப்பிச்சோம். நீ காட்டிக்கிட்டு போறியா? ஒன்னையும் புடிச்சிட்டா நான் யாருகிட்ட போவேன்?"

நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள்? எனக்கும் பயம்தான். மெனுவை மறைக்கச் சொன்ன வரியை எடுத்துவிட்டேன். மெனு காத்திருக்கும் நேரத்தை ஒரு நிமிடமாக்கினேன். எந்தப் பக்கமும் தானாகத் திறக்காதபடி பார்த்துக்கொள்வேன், நான்தான் திறப்பேன்.

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வேன். நீங்கள் எழுதியவற்றில் ஓர் எழுத்தைக்கூட அழிக்கமாட்டேன். தம்பியை விடும்வரை அந்த வாசலை விட்டு நகரமாட்டேன், இது சத்தியம். என்னையும் உள்ளே போட்டால், என்னை மன்னிக்கும்படி அம்மாவிடம் சொல்லுங்கள். கனவிலாவது அவரிடம் வாருங்கள்.

செல்வத்துக்கு இப்போது மிஞ்சியிருக்கும் ஒரே கூடப்பிறப்பு,
உங்கள் தங்கச்சி