நம்பர் இல்லாத மரங்கள்

புரட்டாசி 3, சனி

புழுக்கம். மழை மலைப்பக்கமே நிற்கிறது. பள்ளிக்கூடம் இல்லை, சங்கராபுரம் பஸ்ஸும் இல்லை. எங்கள் சாதிக்கு இடஒதுக்கீடு கேட்டு நடந்த மறியலில் போலீஸ் பிடித்த அப்பாவை இன்னும் விடவில்லை. பயமாக இருக்கிறது. நான் எழுதுவது சித்தப்பாவுக்குத் தெரிந்தால் தொலைந்தேன்.

ரோட்டை மறிக்க இன்று சித்தப்பாவும் ஆட்களும் மரம் வெட்டினார்கள். ரோட்டோரப் புளியமரத்தை அல்ல. எங்கள் நிலத்துக்குக் கீழே, ஆற்றங்கரையில் நின்ற மருதமரங்களை. எட்டில் ஐந்து. ஏன் என்று சித்தப்பாவிடம் கேட்டேன்.

“புளியமரத்துல கவர்மெண்டு நம்பர் போட்டுக்கீது. கைய வச்சா கேஸு. ஆத்து மரத்துக்கு நம்பரா கீது?”

எல்லாரும் சிரித்தார்கள்.

அந்த வேர்கள்தான் கரையைப் பிடித்திருந்தன. அடியில் மடு. கோடையில் ஆறு வற்றினாலும் அங்கே தண்ணீர் நிற்கும், கெளுத்தி, குறவை மீன்கள் வேர்ச்சந்தில் ஒதுங்கும். மேலண்டை நிலத்துக்காரருக்குக் கரையில் மரம் இல்லை, போன வருஷ வெள்ளத்தில் பாதி நிலம் போயிற்று. சித்தப்பாவும் பார்த்தாரே.

“எல்லாம் உனக்குதாண்டி. நாளைக்கு காலேஜ்ல சீட்டு கேட்டு நிப்ப இல்ல?”

சீட்டு வேண்டும்தான். அதற்கு எங்கள் கரையை ஏன் வெட்ட வேண்டும்?

புரட்டாசி 4, ஞாயிறு

கடை மூடல். மிளகாய் இல்லாத குழம்பு. கரையில் விரிசல், என் கை நுழைகிறது.

சித்தப்பாவின் யோசனை: குவாரிக் கல்லை லாரியில் கொண்டுவந்து மடுவில் கொட்டி மேடாக்குவது.

அம்மா: “மடுவ தூத்துட்டா மீனு எங்க போவும்? நொச்சிய நெருக்கமா நட்டா கரைய புடிச்சிக்கும்.”

“மீனுக்கு பட்டா கீதா அண்ணி?”

மீதி மூன்று மரம் நாளைக்காம். அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். எனக்கு அம்மா மேலும் கோபம்.

புரட்டாசி 5, திங்கள்

விடிந்ததும் போனேன். மூன்று மரத்துக்கும் சுண்ணாம்புப் பட்டை அடித்து, வண்டிச் சக்கரத்து மையால் நம்பர் போட்டேன். 112, 113, 114. ரோட்டு மரத்தில் இருப்பதுபோலவே.

ஆட்கள் வந்தார்கள். கோடாலியைக் கீழே வைத்தார்கள். “எப்படா போட்டானுங்க?” ஒருவரும் மரத்தைத் தொடவில்லை. புதர் மறைவில் எனக்குச் சிரிப்பு.

சித்தப்பா: “காலனி முனியன் வேல. மீன் புடிக்கறவனுக்குதான் இந்த மடு மேல கண்ணு. ஆபீசருங்ககிட்ட போயி சொல்லிக்கீறான்.”

முனியன் என் வகுப்பு மல்லிகாவின் அப்பா. தடியோடு நாலு பேர் காலனிக்குக் கிளம்பினார்கள். குறுக்கே ஓடினேன். நான்தான் போட்டேன் என்றேன்.

“போடி. பொட்டப் புள்ளைக்கு இந்த புத்தி ஏது?”

நகத்திலிருந்த மையைக் காட்டினேன். சித்தப்பா அறைந்தார். காது இன்னும் இரைகிறது. காலனிக்கு யாரும் போகவில்லை. நம்பர் பொய் என்று தெரிந்துவிட்டது. நாளைக்கு வெட்டு.

சாயங்காலம் வாய்க்கால் பாலத்தில் மல்லிகா. நடந்தது அவளுக்கும் தெரிந்திருந்தது.

“உன்ன ஒரு அறையோட வுட்டாங்க. எங்கப்பாவ வுட்டிருப்பாங்களாடி?”

இனி என் பக்கத்தில் உட்காருவாளா?

புரட்டாசி 6, செவ்வாய்

தூறல். ஆட்களுக்கு முன்னாலேயே போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். ரோட்டில் அவர்கள் உட்காரலாம், நான் இங்கே உட்காரக் கூடாதா?

சித்தப்பா என் சடையைப் பிடித்தார். அப்போது அம்மா வந்தாள். அடுத்த மரத்தடியில் உட்கார்ந்தாள்.

“அண்ணி, எழுந்து வூட்டுக்கு போங்க.”

“எங்க நெலத்து கரையில குந்திகினு கீறேன். உனக்கு இன்னா?”

“அண்ணன் வரட்டும்.”

“வரட்டும். அதுகிட்டயும் இதத்தான் சொல்லுவேன்.”

சடையை விட்டார். அண்ணியைத் தொட்டு இழுக்க அவருக்குக் கை வரவில்லை. ஆட்கள் தரையைப் பார்த்தார்கள்.

மல்லிகாவின் அம்மா அக்கரையில் மீன்கூடையோடு நின்றாள். இந்தக் கரைக்கு வந்து உட்கார்ந்தால் அவளை என்ன செய்வார்கள் என்று அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அம்மா கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

மூன்றாவது மரத்தடியில் உட்கார ஆள் இல்லை. அதை வெட்டினார்கள்.