சாக்கு மூடிய டிரம்

அக்கா,

பேரனின் கப்பல் கம்பெனி கொடுத்த காகிதங்களைத் தேடி டிரங்குப் பெட்டியைக் கிளறியபோது, அடியில் அந்தக் குழாய்ச் சாவி கிடந்தது. பெங்களூர் பீன்யாவில் நாம் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்த காம்பவுண்டில் எட்டு வீட்டுக்கும் ஒரே குழாய். அதைத் திறக்கவும் மூடவும் ஓனர் என்னை நம்பிக் கொடுத்த சாவி. எடுத்ததும் துரு கையில் அப்பிக்கொண்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீ போய் ஆறு வருஷமாகிறது. உன்னைத் தவிர வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியாது.

நீ இடுப்பில் தூக்கி வைத்திருந்த என் பேரன் இப்போது கப்பலில் இன்ஜினியர். ஐந்தாவதோடு நின்ற எனக்கு இதைச் சொல்லும்போது இன்றும் தலை நிமிரும். அவனுடைய கப்பலை நடுக்கடலில் ஒரு பெரிய நாட்டின் கடற்படை மறித்துப் பிடித்துவிட்டது. பன்னிரண்டு நாள் அவன் குரலே இல்லை. ஹெப்பகோடியில் இந்த வீட்டில் போன் அடித்தாலே மருமகள் கையிலிருக்கும் கரண்டி கீழே விழும்.

போன வருஷம் ஒரு சின்ன நாடு வேறொரு கப்பலைப் பிடித்தபோது, இதே பெரிய நாட்டின் மந்திரி ஒருவர் டிவியில் வந்து பேசினார். கடல் எல்லாருக்கும் பொது, உலகச் சட்டத்தை மீறினால் விடமாட்டோம் என்றார். சரியான ஆள் என்று நானும் மெச்சினேன். இப்போதும் அதே ஆள், அதே கோட்டு. அந்தச் சட்டம் என்னவாயிற்று என்று நிருபர் கேட்டால், எங்கள் பாதுகாப்பை நாங்கள்தான் முடிவு செய்வோம், எந்த நீதிமன்றமும் அதில் தலையிட முடியாது என்கிறார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

அந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று இத்தனை நாள் யோசித்தேன். சாவியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

தண்ணீர்ப் பஞ்சம் வந்த அந்தக் கோடையில் வீட்டுக்கு நான்கு குடம்தான் என்று சட்டம் போட்டவள் நான். ரூல்ஸ் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று தமிழிலும் கன்னடத்திலும் சொல்லிக்கொண்டு நின்றேன். கார்மெண்ட்ஸில் ஷிப்டு முடிந்து நீ ஓடி வந்தாய். மகளுக்குக் காய்ச்சல், இன்னும் ஒரு குடம் விடு என்றாய். உனக்கு விட்டால் எல்லாரும் கேட்பார்கள் என்று சாவியைத் திருகி மூடினேன். நீ சண்டை போடவில்லை. நேராக என் வாசலுக்குப் போய், டிரம்மின் மேல் கிடந்த கோணிச் சாக்கைத் தூக்கினாய். மற்றவர்கள் எழும் முன்பே நான் பிடித்து வைத்த தண்ணீர் விளிம்பு வரை நின்றது.

“ஏண்டி, உன் டிரம் நெறஞ்சா காம்பவுண்டுக்கே தண்ணி வந்த மாதிரியா?”

அவ்வளவுதான் கேட்டாய். காலிக் குடத்தோடு போய்விட்டாய். நான் அவசரமாகச் சாக்கை இழுத்து மூடினேன். அப்போதாவது ஒரு குடம் மொண்டு கொடுத்திருக்கலாம், வீம்பு விடவில்லை. நீ என்னவோ அடுத்த வாரமே வந்து என் வீட்டில் காபி குடித்தாய். கடைசி வரை அதைச் சொல்லிக் காட்டவேயில்லை.

நேற்றுக் காலை பேரன் பேசினான். “ஆயா, நம்ம நாட்டு ஆளுங்க ஆறு பேர விட்டுட்டாங்க. நாளன்னிக்கு பிளைட்டு.” அழுது முடித்து, மற்றவர்கள் என்று கேட்டேன். அந்தச் சின்ன நாட்டுக்காரர்கள் மூன்று பேரை மட்டும் விடவில்லையாம். அதில் ஒருவன் சமையல்காரன். இவனுக்காக ரசம் வைக்கக் கற்றுக்கொண்டவன். கப்பல்காரர்களின் குடும்பங்களுக்கென்று இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் அவன் அம்மா தினமும் தன் குரலைப் பதிந்து அனுப்புவாள். ஒரு வார்த்தை எனக்குப் புரியாது. நான் தமிழில் பதில் சொல்வேன். அது அவளுக்குப் புரியாது.

கப்பலைப் பிடித்தது சட்டப்படி தப்பு, எல்லாரையும் விட வேண்டும் என்று அந்த குரூப்பில் ஒரு மனு வந்திருக்கிறது. கம்பெனியோ எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்கிறது. மகன் என் எதிரே வந்து நின்றுகொண்டான். “அம்மா, அவன் இன்னும் ஏர்போர்ட்டுக்குக்கூட வரல. உன் பேரப் பாத்து மறுபடி உள்ள வச்சா என்னா பண்ணுவ? நம்ம வேலை ஆயிடுச்சு. குரூப்ல இருந்து வெளிய வந்துடு.”

அவன் பயத்தில் தப்பில்லை. இரவு பேரன் மறுபடி பேசியபோது, கையெழுத்துப் போடவா என்று அவனையே கேட்டேன்.

“நாங்க கப்பல விட்டு எறங்கறப்போ அவன்தான் டீ போட்டுக் குடுத்தான், ஆயா. நீ போடு.”

இன்று காலை இனிஷியலோடு முழுப் பெயரையும் எழுதினேன். ஐந்தாவது வகுப்புக் கையெழுத்து, கோணல்தான். மகன் அதைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, என்னோடு பேசாமல் வேலைக்குப் போனான். நாளை விமானம் கிளம்பிவிட்டது என்று தெரியும்வரை எனக்குச் சோறு இறங்காது.

என் ஒரு கையெழுத்துக்கு அந்தக் கோட்டுக்காரர் அசைய மாட்டார். அது தெரியாதவளா நான்? சாவியைப் பெட்டியில் திருப்பி வைக்கவில்லை. இடுப்பில் செருகியிருக்கிறேன், கனக்கிறது. இத்தனை வருஷமும் நீ அந்தச் சாக்கைத் தூக்கிப் பிடித்தபடிதான் என் கண்முன் நிற்கிறாய், அக்கா. இன்றைக்கு நான் அதை இழுத்து மூடவில்லை.