குழந்தையின் உள்ளங்கை உங்களுடையது

மருமகள் ஜெசிந்தா கிரகணத்தன்று வெளியே நின்றதால்தான் குழந்தையின் உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துப்போயின என்று நான் சொன்னதாக ரப்பர் தோட்டத்தில் பேசிக்கொள்கிறார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. கன்னியாஸ்திரிகளிடம் படித்த நான் கிரகணத்தின்மேல் பழி போடமாட்டேன். அது உங்களுக்குத் தெரியும்.

அவள் கோபித்துக்கொண்டு குழந்தையோடு கொடகவெலயில் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். நம் மகன் போய்க் கூப்பிட்டான். “அப்படிச் சொல்லலைன்னு மாமியே சொல்லட்டும், அப்புறம் வாரேன்” என்றாளாம். குழந்தையின் கைக்குப் பூசும் தேங்காயெண்ணெய்ப் போத்தல் இங்கேயே கிடக்கிறது. இன்று காலை அதைத் திறந்தேன். நீங்கள் இருந்தவரை படுக்குமுன் உள்ளங்கையில் தேய்த்துக்கொண்ட அதே வாசனை.

பெண் பார்க்க வந்த அன்று, பலகாரத்தைத் தொடுமுன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினீர்கள். மஞ்சள் பூத்து, காய்ந்த மரப்பட்டைபோல் இருந்தன.

“கை இப்படித்தாங்க. சின்னதுலயிருந்தே. எங்கம்மாவுக்கும் இப்படித்தான். புடிக்கலைன்னா இப்பவே சொல்லிடுங்க.”

“நகம் சுத்தமா வெட்டியிருக்கீங்க. அது போதும்” என்றேன். அப்பா இருமினார்.

தோட்டத்துப் பெரிய துரை அந்தக் கையைத் தொட்டுப் பார்த்து, உழைத்துக் காய்த்த கை என்று நம்பி உங்களுக்குக் கங்காணி வேலை கொடுத்தார். ரப்பர் வெட்டும் கத்தியை அதுவரை நீங்கள் தொட்டதே இல்லை. “துரை என் கையைத்தான் வேலைக்கு எடுத்தாரு, நான் சும்மா கூட வந்தேன்” என்று கடைசிவரை சொல்லிச் சிரித்தீர்கள்.

ரப்பர்ப் பால் வெட்டும் நம் மகனின் கையையும் உழைத்துக் காய்த்தது என்றே தோட்டத்தார் எடுத்துக்கொண்டார்கள். இந்தக் குழந்தை இன்னும் ஒரு வேலையும் செய்யவில்லையே. அதனால் காரணம் தேடித் தாயிடம் போனார்கள்.

கரவனெல்ல ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா குழந்தையின் இரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார். முடிவு வந்தபோது ஜெசிந்தா இங்கே இல்லை. மகனோடு நான் போனேன். சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். கெரட்டின் ஒன்பது என்று ஒரு புரதம், உள்ளங்கை, உள்ளங்கால் தோலை உள்ளிருந்து நூல்போல் தாங்குகிறதாம். அதை உண்டாக்கும் மரபணுவில் ஒரு பிழை. பெற்றவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதும் வராததும் பாதிக்குப் பாதி. யாருக்கும் தொற்றாது. யார் பக்கத்தில் இருந்தது என்று கேட்டார். “எங்க பக்கம். என் வீட்டுக்காரரோட கை” என்றேன். சொல்லும்போது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

மழை நாளில் கோவிலுக்கு ஏறும் பாதையில் என் கையைப் பிடித்துக்கொள்வீர்கள். எவ்வளவு நனைந்தாலும் உங்கள் பிடி வழுக்காது. அந்தச் சொரசொரப்பு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. அதே பாதையில் இந்தக் குழந்தையின் கையைப் பிடித்து நடக்க ஆசைப்படுகிறேன்.

உங்களுக்கு எழுதியதை அப்படியே அவளுக்கும் அனுப்புகிறேன்.

ஜெசிந்தா, குழந்தைக்கு இது எங்கள் வழியாக வந்தது. உன்மேல் ஒரு தவறும் இல்லை. என்றைக்கு வருகிறாய் என்று எனக்கு எழுது. மகனிடம் சொல்லி அனுப்பாதே, எழுதி அனுப்பு.