நாலாவது விதியும் பன்னிரண்டாவது வாசலும்

ஐப்பசி 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். தோல் கிடங்குக்கு அரை மணி தாமதம். தோல் பதனிடும் ஆவாரம்பட்டை வண்டி எனக்கு முன்பே வந்து நிற்கிறது. நனைந்த பட்டை எடை கூடும். திட்டு விழுவது எடை எழுதும் குமாஸ்தாவுக்கு, அதாவது எனக்கு.

மாலை பஞ்சாயத்து போர்டு கூட்டம்; நானும் ஒரு மெம்பர். சாக்கடை அள்ளும் முனியன் கோலார் தங்கவயலுக்குப் போய்விட்டான். புது மண்வெட்டி கேட்டு ஆறு மாதம் நடந்தான். கொடுக்கவில்லை. இப்போது அவன் நன்றிகெட்டவனாம்.

வேறு ஆள் வரும்வரை என்ன செய்வது? பிரசிடெண்டு முதலியார் (இனி பி.மு.; முழுதும் எழுத மை வீண்) என் பக்கம் திரும்பினார். "நாலாம் பாரம் படிச்சவரு. கையெழுத்து முத்து முத்தா இருக்கும். நீங்களே விதி எழுதுங்க."

புகழ்ந்தால் எதையும் எழுதுகிற பிறவி நான். எழுதினேன். நாலாவது விதி: எவர் வாசலில் அடைப்பு நிற்கிறதோ, அவரே எடுக்கவேண்டும். ஏகமனதாக நிறைவேறியது.

வீட்டில் படித்துக் காட்டினேன். பெருமை. மனைவி ஒன்றுதான் கேட்டாள்: "தெருவுல கடைசி வூடு யாருது?"

ஐப்பசி 5, புதன்

மழை இல்லை. அவள் கேட்டதன் அர்த்தம் இன்று விளங்கியது.

விடிந்தும் விடியாமல் தெரு முழுக்க மூங்கில் கழி. அவரவர் வாசல் அடைப்பை அடுத்த வாசலுக்குத் தள்ளுகிறார்கள். கிடங்கிலிருந்து வரும் ஆட்டு மயிரும் சுண்ணாம்பும் திரண்டு மெத்தை மாதிரி. (அந்தக் கிடங்குச் சம்பளத்தில்தான் சோறு. யாரைத் திட்ட?) பதினோராவது வீடு பி.மு.வுடையது. அவர் வேலைக்காரன் ஒரே தள்ளு. பன்னிரண்டாவது நான்.

எனக்கு அப்புறம் வீடு இல்லை. சாக்கடையை ஒட்டி இரண்டு முழத்தில் எங்கள் குடிதண்ணீர்க் கிணறு. நான் தள்ளினால் அங்கேதான் போய் நிற்கும். மகள் கமலா பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். எட்டாம் மாதம்.

வாங்கவேண்டியது: சீரகம், விளக்குத் திரி, ஓமம்.

ஐப்பசி 6, வியாழன்

பி.மு.விடம் போனேன். பல் துலக்கிக்கொண்டே பேசினார்.

"உங்க வாசல், உங்க அடைப்பு. எழுதினது யாரு?"

"கிணறு கெட்டுப்பூடுங்க. புள்ளத்தாய்ச்சிப் பொண்ணு இருக்குது."

"அதுக்கு? என்னைப் பிரசவம் பாக்கச் சொல்றீங்களா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். வீடு வந்த பிறகுதான் கோபம் வந்தது. என் கோபம் எப்போதும் கடைசி வண்டி.

எதிர் வீட்டுக் கரீம் சாயபு, கிடங்கு மேஸ்திரி: "இன்னா குமாஸ்தா, பொண்ணுக்கு ஊரே சீர் அனுப்புதா?" திட்டினேன். அதற்கும் சிரிக்கிறார்.

ஐப்பசி 8, சனி

ராத்திரி முழுக்கப் பெருமழை. சாக்கடை பொங்கிக் கிணற்று விளிம்புக்கு ஒரு சாண். முதல் குடம் இறைத்ததுமே கமலா, "தண்ணி வாடை அடிக்குதுப்பா" என்றாள்.

வேட்டியை மடித்து, தோட்டத்து மண்வெட்டியோடு நானே இறங்கினேன். முழங்கால் வரை. இரண்டு மணி நேரம். கூடையில் அள்ளிய பிறகுதான் சந்தேகம்: எங்கே கொட்டுவது? பத்து வருஷம் முனியன் எங்கே கொட்டினான்? கேட்டால் ஆளுக்கொரு திசை காட்டுகிறார்கள். அவனுக்கு மண்வெட்டி வேண்டாம் என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். எல்லாரும் தூக்கினார்கள், தூக்கினேன்.

ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல்: "படிச்ச படிப்புக்கு வேலை கெடைச்சுடுச்சு."

குடிக்க சாயபு வீட்டுத் தண்ணீர். அவரே இரண்டு குடம் கொண்டுவந்து வைத்தார். இன்று கிண்டல் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஐப்பசி 9, ஞாயிறு

அள்ள ஓர் ஆள் இருக்கிறான் என்று தெரிந்துவிட்டது. இன்று அடைப்பு சீக்கிரமே வந்தது, இரண்டு மடங்கு. கழியை மறைக்கக்கூட இல்லை. பி.மு.வின் ஆள் வாசலில் நின்று கூப்பிடுகிறான்: "சாமி, வந்துட்டுது, எடுத்துக்கோங்க!"

நாசமாய்ப் போகட்டும் இந்தத் தெரு. பன்னிரண்டாவது வீடு நீங்கலாக.

சாயங்காலம் கிடங்கில் கிடந்த பழைய மூங்கில் தட்டியைக் கேட்டு வாங்கிவந்தேன். சாக்கடைக்குக் குறுக்கே நட்டேன். நீர் போகும், மயிர் போகாது. சாயபு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். நட்ட இடம் என் எல்லைக்கு அரை முழம் மேலே. அதாவது பதினோராவது வாசல்.

ஐப்பசி 10, திங்கள்

நல்ல வெயில். தெரு அடைப்பு மொத்தமும் பி.மு. வாசலில். தண்ணீர் அவர் படியேறிக்கொண்டிருக்கிறது.

"யாருய்யா இங்க தட்டி வெச்சது?"

சாயபு: "தட்டி சமாசாரம் தெரியாதுங்க. அடைப்பு உங்க வாசல்ல நிக்குது, அது நல்லாத் தெரியுது."

போர்டு நோட்டை எடுத்துப்போய் நாலாவது விதியை உரக்கப் படித்தேன். நல்ல கையெழுத்து, தடங்கலே இல்லை.

"அந்த விதியை இப்பவே மாத்துங்க. எழுதுங்கய்யா!"

"மை தீந்துபோச்சுங்க."

வேலைக்காரன் இறங்கமாட்டேன் என்று ஒதுங்கிவிட்டான். பி.மு. வேட்டியை மடித்துக்கொண்டு நிற்கிறார். நாங்கள் கிணற்றைச் சேறு வரை இறைத்துவிட்டோம், புதுநீர் ஊறுகிறது. கமலா ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்துத் தலையாட்டினாள்.

பி.மு. ஆள் அனுப்பியிருக்கிறார். வாசலில் நிற்கிறான். மண்வெட்டி வேண்டுமாம்.

ஆறு மாதம் நடக்கட்டும்.