எட்டில் இரண்டு பங்கு மேகம்

வானிலைக் கூடம், மாடி அறை
மார்ச் 2

அன்புள்ள மெழுகுக்காரிக்கு,

மதியம் இரண்டு மணி. வானத்தில் எட்டில் மூன்று பங்கு மேகம். காற்று இல்லை. கீழே விமான நிலையத்தில் விமானங்கள் கழுவி வெயிலில் வைத்த பாத்திரங்கள் மாதிரி வரிசையாக நிற்கின்றன.

முப்பத்தைந்து வருஷமாக மணிக்கொரு தரம் மாடியேறி, வானத்தை எட்டுப் பங்காக்கி, எத்தனை பங்கை மேகம் மூடியிருக்கிறது என்று எழுதிவருகிறேன். இன்னும் இருபத்தொன்பது நாள். ஏப்ரல் ஒன்றாம் தேதியிலிருந்து வானத்தை வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள்.

போன் செய்யலாம் என்றுதான் நினைத்தேன். போனில் நாம் இரண்டு பேரும் மூச்சு விடுவதைத் தவிர வேறு எதுவும் செய்வதில்லை. அதனால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். ஓய்வுக்குப் பிறகான மருத்துவக் காப்பீட்டுக்கு ஒரு படிவம் வந்திருக்கிறது. அதில் இரண்டு கட்டங்கள். 'உறுப்பினர் மட்டும்' என்றால் மொத்தத் தொகையும் எனக்கே, ஆஸ்பத்திரியில் தனியறை. 'உறுப்பினரும் துணைவரும்' என்றால் அதே தொகையை இருவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். அறையும் பொது அறை. பில்லில் பத்தில் ஒரு பங்கு நம் கையிலிருந்து. காப்பீட்டுப் பிரிவில் இருக்கும் பெண் விரலை ஆட்டிச் சொன்னாள்: "சார், ஒரே ஒரு தடவைதான் கேட்போம். இப்ப யாரைச் சேர்க்கிறீங்களோ அவங்கதான் கடைசி வரைக்கும். வியாதி இருந்தாலும் இப்ப எடுத்துக்குவாங்க. அப்புறம் தலைகீழா நின்னாலும் முடியாது."

சட்டப்படி நாம் இன்னும் கணவன் மனைவிதான் என்று சொன்னேன். "அதுல என்ன சார் சந்தேகம்?" என்று கேட்டாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

உன் ரத்த வகை, ஏழாம் கேள்விக்கு (ஏற்கெனவே உள்ள நோய்கள்) பதில், உன் சம்மதம், இந்த மூன்றும் வேண்டும். முப்பதாம் தேதி கெடு.

இப்படிக்கு,
வானத்தை அளப்பவன்


பல்செட் கூடம்
மார்ச் 7

அன்புள்ள உங்களுக்கு,

வானம் நலமென்று அறிந்தேன். நீங்கள் நலமா என்று கடிதம் முழுக்கத் தேடினேன், அகப்படவில்லை. நெஞ்சுக்குள் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட செய்தியே உங்கள் தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதுவும் ஆறு மாதம் கழித்து. நாத்தனார் என்று ஒருத்தி இல்லாவிட்டால் நீங்கள் உயிரோடு இருப்பதை நான் செய்தித்தாளில் மழை அறிவிப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இங்கே சாப்பாட்டு இடைவேளை. எல்லோரும் கீழே போய்விட்டார்கள். மேஜைமேல் நான் மெழுகில் செதுக்கிய பல்வரிசைகள் ஆறுகின்றன. ஜன்னல் வெளிச்சம் விழும்போது நாற்பது வாய்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கின்றன. யார் வீட்டுச் சிரிப்போ, ஊர் பேர் தெரியாத சிரிப்பு. நாளைக்கு அவரவர் வாயில் ஏறிப் போய்விடும். சில நாள் எனக்கும் பதிலுக்குச் சிரிக்கத் தோன்றும், சிரித்தும் வைப்பேன்.

படிவத்துக்கு வருகிறேன். 'உறுப்பினர் மட்டும்' என்று போடுங்கள். இதய நோயாளிக்கு முழுத் தொகையும் வேண்டும். பொது அறையில் பக்கத்துக் கட்டில்காரர் குறட்டை விட்டால் நீங்கள் எழுந்து உட்கார்ந்து அதையும் எட்டாகப் பிரித்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கு முதலாளியம்மா எடுத்துக் கொடுத்த பாலிசி இருக்கிறது. என்னைப் பற்றிய கவலை வேண்டாம்.

ரத்த வகை உங்களுக்குத் தெரியும். ஏழாம் கேள்வி: எதுவும் இல்லை.

எதையாவது தப்பாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். நான் எழுதிய மளிகைச் சீட்டைக்கூட விடாமல் திருத்தியவர் நீங்கள். 'உளுந்து அரைக் கிலோ' என்பதை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் 'ஒரு கிலோ' என்று எழுதி, அதற்குக் கீழே சுருக்கொப்பமும் போட்டீர்களே, கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு "வீட்ல சார் ஆடிட்டரா?" என்று கேட்டார். இன்னும் நினைத்தால் சிரிப்பு வருகிறது.

மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள்.

இப்படிக்கு,
மெழுகுக்காரி


வானிலைக் கூடம்
மார்ச் 12

அன்புள்ள மெழுகுக்காரிக்கு,

காலை பத்து மணி. எட்டில் ஆறு பங்கு. மேகம் தாழ்ந்து ஓடுபாதையைத் தொடுகிறது. விமானங்கள் ஒன்றையொன்று தேடிக்கொண்டு நிற்கின்றன.

மளிகைச் சீட்டுக்கு இப்போதாவது விளக்கம் சொல்கிறேன். எங்கள் பதிவேட்டில் எதையும் அழிக்கக் கூடாது. தப்பாக எழுதினால் ஒரே கோடு, பக்கத்தில் சரியானது, கீழே சுருக்கொப்பம். முதலில் என்ன நினைத்தோம் என்பதும் பின்னால் வருகிறவருக்குத் தெரிய வேண்டும். அடித்தது தெரியாவிட்டால் அது திருத்தம் இல்லை, மோசடி என்று என் முதல் மேலதிகாரி சொல்வார். கை அப்படியே பழகிவிட்டது.

இன்னொன்றும் பழகிவிட்டது. பார்க்காததை நான் எழுதுவதில்லை. படிவத்தின் கடைசியில், 'என் துணைவரின் உடல்நிலை குறித்து மேலே உள்ளவை நான் அறிந்தவரை உண்மை' என்று நான் கையெழுத்திட வேண்டும். ஒன்பது வருஷமாகப் பார்க்காத ஒருத்தியைப் பற்றி நான் எதை அறிவேன்? உன் கடிதம் முழுவதும் எழுத்து ஓடுகிறது. 'எதுவும் இல்லை' என்ற இடத்தில் மட்டும் பேனா காகிதத்தைக் கிழிக்கப் பார்த்திருக்கிறது. போனில் பேசினால் பாதிப் பேச்சு இருமலாக இருக்கிறது என்று தங்கை சொல்கிறாள். முதலாளியம்மாவின் பாலிசி நீ வேலையை விட்டதும் முடிந்துவிடும் என்பதும் எனக்குத் தெரியும். ஜூனில் விடுகிறாய். அதற்குப் பிறகு?

நேற்று மதியம் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். ஒரு கனவு. புல்வெளியில் வெப்பமானி வைத்திருக்கும் வெள்ளைப் பெட்டியைத் திறக்கிறேன். உள்ளே வெப்பமானி இல்லை. உன் மெழுகுப் பல்வரிசைகள் அடுக்கி இருக்கின்றன. சிரிக்கின்றன. எத்தனை டிகிரி என்று எழுதுவது என்று தெரியாமல் பதிவேட்டோடு நின்றுகொண்டே இருக்கிறேன். புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்துவிடுகிறது. விழித்த பிறகும் கொஞ்ச நேரம் எழுந்திருக்க மனமில்லை.

உண்மையைச் சொல். உன் பெயரைச் சேர்ப்பதும் சேர்க்காததும் உன் விருப்பம்.

இப்படிக்கு,
வானத்தை அளப்பவன்


வீடு
மார்ச் 17

அன்புள்ள உங்களுக்கு,

'உன் விருப்பம்.' மறுபடியும் அதையே எழுதிவிட்டீர்கள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மாற்றல் உத்தரவு வந்த வாரம் ஞாபகம் இருக்கிறதா? நான் வேலையிலிருந்து வந்தபோது பெட்டி கட்டியாகிவிட்டது. நீங்கள் ரயிலுக்குப் போயாகிவிட்டது. சாப்பாட்டு மேஜையில் ஒரு துண்டுக் காகிதம்: 'வருவதும் வராததும் உன் விருப்பம்.' சண்டை போட்டிருந்தால் மறுநாளே வந்து நின்றிருப்பேன். மரியாதையாக எழுதிவைத்துவிட்டீர்கள். மரியாதைக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நானும் இருந்துவிட்டேன். ஒரு வாரம் என்று நினைத்தது ஒன்பது வருஷமாயிற்று. அந்தக் காகிதம் என் மெழுகு டப்பாவில்தான் இருக்கிறது.

இப்போது ஏழாம் கேள்வி. முப்பது வருஷமாகப் பல்செட்டைத் தேய்த்துத் தேய்த்து அந்தத் தூள் என் நுரையீரலில் படிந்திருக்கிறதாம். முகமூடி போடச் சொல்வார்கள். போட்டால் மூக்குக்கண்ணாடி மங்கும், பல்லின் விளிம்பு தெரியாது, கழற்றிவிடுவேன். போன செப்டம்பரில் டாக்டர் படத்தை விளக்குப் பலகையில் மாட்டிக் காட்டினார். "இங்க பாருங்கம்மா, ரெண்டு பக்கமும் வெள்ளையா இருக்கு. இப்போதைக்கு மாத்திரை போதும். ஆனா வருஷா வருஷம் பாத்துக்கணும், பின்னாடி ஆக்சிஜன்கூட தேவைப்படலாம்." அவர் பேசிக்கொண்டே இருந்தார். எனக்கு அங்கே நுரையீரலே தெரியவில்லை. கறுப்பு வானத்தில் மெல்லிசாக மேகம் நகர்வது போலிருந்தது. இவர் இருந்தால் எட்டில் இரண்டு பங்கு என்று எழுதியிருப்பார் என்று நினைத்தேன். டாக்டர் முன்னால் அழுதுவிட்டேன். அவர் நோய்க்கு அழுவதாக எண்ணிக்கொண்டார்.

பாலிசி வேண்டாம் என்று வீம்புக்குச் சொல்ல மாட்டேன். வேண்டும். இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வேறு எந்தக் கம்பெனியும் என்னைச் சேர்க்கப்போவதில்லை. பயமாக இருக்கிறது. மாடிப்படி ஏறும்போது நடுப்படியில் உட்கார்ந்துவிடுகிறேன். ஆனால் என்னைச் சேர்த்தால் உங்கள் இதயத்துக்கு ஒதுக்கியதில் நான் பாதியைத் தின்றுவிடுவேன். அதற்கு உரிமை மனைவிக்கு உண்டு. படிவத்தில் மட்டும் மனைவியாக இருப்பவளுக்கு இல்லை. அப்படி இருக்க எனக்கு மூச்சும் போதாது.

பழைய நோய்களுக்கு ஆதாரம் இணைக்க வேண்டும் என்பார்களே, இரண்டு இணைத்திருக்கிறேன். ஒன்று நுரையீரல் படம். இன்னொன்று அந்தத் துண்டுக் காகிதம். இரண்டில் எது பழையது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நான்தான்


வானிலைக் கூடம், மொட்டை மாடி
மார்ச் 21

அன்புள்ள உனக்கு,

உன் படத்தை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்து, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். பின்னால் நிஜ வானம். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, எது உன்னுடையது எது வெளியே இருப்பது என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. கை வலிக்கும்வரை பிடித்திருந்தேன். பதினோரு மணிப் பதிவைத் தவறவிட்டேன். முப்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவை. வானிலை பலூன் விடும் ஊழியர் தேடிக்கொண்டு மேலே வந்து, "சார், என்ன சார் ஆச்சு?" என்றார். "வீட்ல உடம்பு சரியில்ல" என்றேன். வீட்டில் என்று சொல்லி எத்தனை நாளாயிற்று என்று அப்புறம்தான் உறைத்தது.

நீ சொன்னது சரி. எட்டில் இரண்டு பங்கு. இப்போது பார்த்துவிட்டேன். இனி கையெழுத்திடலாம்.

இரண்டாவது கட்டத்தில் குறி போட்டுவிட்டேன். தொகை பாதியாவதைப் பற்றிப் பேசாதே. உனக்குப் பாதி போனால் மீதி எனக்கு, எனக்குப் பாதி போனால் மீதி உனக்கு. ஆஸ்பத்திரியில் தனியறை எனக்கு எதற்கு? ஒன்பது வருஷமாகத் தனியறையில்தான் கிடக்கிறேன்.

அன்றைக்கு ஏன் அப்படி எழுதினேன் என்று கேட்கிறாய் அல்லவா? மரியாதை ஒன்றும் இல்லை, பயம். கூப்பிட்டு நீ வராமல் போனால் என்ன செய்வது என்ற பயம். விருப்பம் என்று எழுதிவிட்டால், நீ வராவிட்டாலும் நான் கூப்பிட்டு நீ மறுத்ததாக ஆகாது பார். வானத்தைப் பற்றி மட்டும் துணிச்சலாக எழுதுகிற ஆள் நான். உன்னிடம் ஒன்பது வருஷக் கடன் மாதிரி ஒரு மன்னிப்பு பாக்கி இருக்கிறது. கேட்கிறேன். மன்னித்துவிடு.

காகிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். அதில் தவறு இருந்தது. 'வருவதும் வராததும் உன் விருப்பம்' என்பதை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதியிட்டுச் சுருக்கொப்பமும் போட்டிருக்கிறேன். சரியானது ஒரே எழுத்துதான்.

'வா.'

படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நான்காம் பக்கத்தில் துணைவர் கையெழுத்து. அதற்கு மேலே முகவரிக் கட்டத்தில் உன் முகவரியை நானே எழுதிவிட்டேன். முப்பதாம் தேதிக்குள் என் கைக்கு வர வேண்டும். நீ வரவில்லை என்றாலும் கையெழுத்தை மட்டும் போட்டு அனுப்பிவிடு. காப்பீட்டுக்கு நான் நிபந்தனை வைக்கவில்லை.

உன்,
வானத்தை அளப்பவன்


வீடு
மார்ச் 25

அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தைப் படிக்கட்டின் நடுப்படியில் உட்கார்ந்து படித்தேன். மூச்சு வாங்கியதால் இல்லை.

பல்செட் கூடத்தில் சொல்லிவிட்டேன். ஜூன் வரை என்னால் முடியாது, இந்த மாதத்தோடு சரி என்றேன். முதலாளியம்மா கொஞ்சம் குதித்தார், அப்புறம் அவரே மூக்கைச் சிந்தினார். என் மேஜையில் கடைசியாக ஒரு வரிசை பாக்கி இருந்தது. மேல் பல் முழுதும், யாரோ ஒரு பெரியவருக்கு. இன்று மத்தியானம் முடித்துவிட்டேன். முகமூடி போட்டுக்கொண்டேதான் செய்தேன். கண்ணாடி மங்கியது. தடவிப் பார்த்தே செதுக்கினேன். நன்றாகவே வந்திருக்கிறது.

வீட்டில் ஜன்னல் திரைகளைக் கழற்றி மடித்துவைத்தேன். அறையெல்லாம் இத்தனை வெளிச்சமா என்றிருந்தது. உங்கள் பழைய குடை கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. நீங்கள் போன நாளிலிருந்து நான் அதை எடுக்கவும் இல்லை, எறியவும் இல்லை. அதையும் கொண்டுவருகிறேன், கம்பி ஒன்று உடைந்திருக்கிறது.

படிவத்தைக் கையெழுத்திட்டு இணைத்திருக்கிறேன். ரத்த வகை சரி. ஏழாம் கேள்வியில் நோயின் பெயரை டாக்டரிடம் கேட்டு எழுத்துப் பிசகாமல் எழுதியிருக்கிறேன். எல்லாவற்றையும் இரண்டு தடவை சரிபார்த்தேன், நீங்கள் சரிபார்ப்பது போலவே விரலை வைத்து.

நான்காம் பக்கத்தில் ஒரு தவறு இருந்தது. துணைவர் முகவரி என்ற கட்டத்தில் நீங்கள் இந்த வீட்டு முகவரியை எழுதியிருந்தீர்கள். அழிக்கவில்லை. ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் உங்கள் முகவரியை எழுதி, கீழே சுருக்கொப்பம் போட்டிருக்கிறேன்.

ரயில் முப்பத்தொன்றாம் தேதி காலை பத்து மணிக்கு அங்கே வரும். அது உங்கள் கடைசி நாள் என்பது தெரியும். பத்து மணிப் பதிவை எழுதிவிட்டே வாருங்கள். நான் நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், குடையோடு.

இன்னொன்று. காப்பீட்டுப் பிரிவுப் பெண் நான்காம் பக்கத்தைப் பார்த்துவிட்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல் புதுப் படிவம் எழுதிக்கொண்டு வரச் சொல்வாள். எழுதாதீர்கள். அடித்தது தெரியட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி