அம்மா குரல் இருந்த ஃபோல்டர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். எனக்கு உடம்பில் குறையில்லை, ரத்த அழுத்தம் சரியாக இருப்பதாகத் திங்கட்கிழமை டாக்டர் சொன்னார். மனசைப் பற்றி அவர் கேட்கவில்லை. உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். குடிநீர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் அந்தப் பெண்ணுக்கு நேற்று மாலை விசாரணை நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள். யாரோ சொல்லிக் கேட்டதல்ல, அவளே கொண்டுவந்து காட்டினாள், இரண்டு பக்கத்தையும் படித்தேன். அலுவலக விவரத்தைப் பத்திரிகைக்குக் கொடுத்தாள் என்பது குற்றச்சாட்டு, ஆதாரம் ஓர் ஒலிப்பதிவு. அந்த ஒலிப்பதிவு என்னுடையது. போனில் சொன்னால் நீ அழுவாய், நான் பாதியில் வைத்துவிடுவேன், அதனால்தான் கடிதம்.

குழாய்த் தண்ணீரில் ஈயம் கலந்திருக்கிறது என்று போன வருஷம் பத்திரிகையில் எழுதினேனே, அந்தக் கணக்குகளை எனக்குக் கொடுத்தவள் இவள்தான். பேர் வெளியே வராது என்று வாக்குக் கொடுத்திருந்தேன். நோட்டுப் புத்தகத்தில்கூட அவளுக்குக் குருவி என்றுதான் பேர். அவள் பேசிய பதிவையும் குருவி என்றே பேர் போட்டு கிளவுடில் ஏற்றினேன். பாஸ்வேர்டு பதினெட்டு எழுத்து, புதுசாக யார் நுழைந்தாலும் என் போனுக்கு எண் வரும், இதெல்லாம் உனக்கே தெரியும், அப்பா ரொம்பத்தான் பயப்படுறார் என்று நீ கேலி செய்தாய். அம்மா நம்மை விட்டுப் போன மூன்றாம் மாதம் அவள் குரலைக் கேட்கணும் போலிருக்கு என்று எழுதினாய். எனக்கும் அப்படித்தான் இருந்தது. வீட்டில் நான் எடுத்த பேட்டிகளையெல்லாம் உட்கார்ந்து கேட்டேன். பின்னால் எங்கேயாவது அவள் பாத்திரம் உருட்டுவாள், யாரையாவது அதட்டுவாள், என் கண்ணாடி எங்கே இருக்கிறது என்று சொல்வாள். அவள் குரல் விழுந்த பன்னிரண்டு பதிவுகளை ஒரு ஃபோல்டரில் போட்டேன். குருவியின் பதிவில் அவள் வருவது நாலே வினாடி. அதை மட்டும் வெட்டி எடுத்திருக்கலாம், கை வரவில்லை, ஒரு மணி நேரத்தையும் அப்படியே போட்டுவிட்டேன். அத்தைக்குக் கணக்குத் திறந்து உள்ளே வரத் தெரியாது என்பதால், லிங்க் இருந்தால் யாரும் கேட்கலாம் என்று வைத்து, குடும்ப குரூப்பில் அனுப்பினேன். முப்பத்தொரு வருஷம் நிருபர் வேலை பார்த்தவன் செய்த காரியம் இது.

எங்கள் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிறவர், லிங்க் கையில இருந்தா பாஸ்வேர்டே கேக்காது சார் என்றார். கிளவுட் கம்பெனி அனுப்பிய விவரப்படி, நம் வீட்டார் யாருமில்லாத ஓர் இடத்திலிருந்து அந்தப் பதிவு ஆறு முறை திறக்கப்பட்டிருக்கிறது. குரூப்பில் நாற்பத்து மூன்று பேர், யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று தெரியவில்லை. ஆளுக்கொருவர் ஒரு பேர் சொல்கிறார்கள், தெரியாததை நான் எழுத மாட்டேன். லிங்கை மூடிவிட்டேன். அத்தைக்குக் கோபம். எங்க வீட்டுப் பூட்டுக்கே சாவி ரெண்டுதாண்டா, நீ நாப்பத்து மூணு அடிச்சுக் குடுத்துட்டு இப்ப எங்களை வெளியில நிறுத்துறியா என்று திட்டினாள். நியாயம்தான்.

நேற்று அந்தப் பெண் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தாள். வேலை போனால் அவள் சம்பளத்தில் நிற்கிற வீடு நிற்காது. என் பேரை நீங்க எழுத மாட்டீங்கன்னுதானே சார் வாயைத் திறந்தேன் என்றாள், சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. நான் வந்து தப்பு என்னுடையது என்று சொல்கிறேன் என்றேன். நீங்க வந்தா நான்தான்னு நீங்களே காட்டிக் குடுத்த மாதிரி, வராதீங்க, அது என் குரல் இல்லைன்னு சொல்லிப் பார்க்கிறேன் என்றாள். அப்போதுதான் அந்த நாலு வினாடியைப் பற்றி அவளிடம் சொல்ல வேண்டி வந்தது. பதிவில் அம்மா உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் நிஜப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, காபி ஆறுது, பேச்சு எங்கயும் ஓடிப் போகாது, முதல்ல குடி என்கிறாள். நானும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன் பாப்பா. அம்மா குரல்தான் காதில் விழுந்தது, அவள் சொன்ன பேர் விழவில்லை. அந்தப் பெண் நோட்டீஸை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, அம்மா நல்லாத்தான் கூப்பிட்டாங்க என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள்.

நீ கேட்டதால் வந்த வினை என்று நினைத்துக்கொள்ளாதே. நீ கேட்டது அம்மா குரலை, சேர்த்து அனுப்பியவன் நான். ஒன்று மட்டும் மறக்காமல் செய். உன் போனிலோ மாப்பிள்ளை போனிலோ அந்தப் பதிவு இறங்கியிருந்தால் அழித்துவிடு, மற்ற பதினொன்றைத் தனி டிஸ்க்கில் வைத்துக்கொள். நீ யாருக்கெல்லாம் எதற்கெல்லாம் லிங்க் கொடுத்திருக்கிறாய் என்று ஒரு நாள் உட்கார்ந்து பார், வேண்டாததை மூடு. நேரத்துக்குச் சாப்பிடு. நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், அம்மா சார்பிலும் நானே சொல்கிறேன்.

இனித் தெரிய வேண்டியது ஒன்றுதான். அந்த ஆறு முறையும் கேட்டதோடு சரியா, இறக்கி வைத்துக்கொண்டார்களா என்பதைப் புதன்கிழமைக்குள் சொல்வதாகக் கம்பெனி எழுதியிருக்கிறது. விசாரணை வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு. கேட்டதோடு சரி என்றால், லிங்கை மூடிவிட்டதால் அங்கே போட்டுக் காட்ட அவர்களிடம் ஒன்றும் இருக்காது. இறக்கியிருந்தால் அந்த அறையில் உன் அம்மா பேசுவாள்.

அன்புடன்,
உன் அப்பா