கடலைப் பொட்டலத்தில் சவரிமுத்து

1932 ஆகஸ்டு, ஞாயிறு இரவு.

இன்று மாலை பிரிக்பீல்ட்ஸ் பாசாரில் கடலை வாங்கினேன். பொட்டலத் தாளில் சவரிமுத்துவின் கட்டுரை! அரசனும், தோட்டத்தில் ஆள்களை மேய்க்கும் கங்காணியும் இல்லாமலே மனிதர் கூடி வாழலாம் என்று கிள்ளான் ஆற்றங்கரையில் பேசியவர். இளவயதில் நானும் ரயிலேறிப் போய்க் கேட்டிருக்கிறேன். வெள்ளைக்காரர்கள் அவரைக் கப்பலேற்றி நாடு கடத்திய பிறகு ஒருவரும் அவர் பெயரைச் சொல்வதில்லை.

மீதித் தாள்களைக் கேட்டேன். "பழைய பேப்பர் அண்ணே, எல்லாம் சுத்திக் குடுத்து முடிஞ்சிருச்சு லா," என்றார் கடைக்காரர்.

வீட்டில் மரியாவுக்கு வாசித்துக் காட்டினேன். என் மனைவிக்கு எழுத்துத் தெரியாது. இதிலெல்லாம் அக்கறையும் இல்லை என்று நினைத்திருந்தேன். 'கங்காணி போய்விட்டால் நமக்குச் சோறு போடுவது யார் என்று கேட்கிறீர்கள்' என்ற இடத்தில் தாள் கிழிந்திருந்தது. நிறுத்தினேன்.

அரிசி களைந்துகொண்டிருந்தவள் தலை நிமிராமல் சொன்னாள்: "இத்தன நாளா அவனுக்குச் சோறு போட்டது யாருன்னு கேப்பாரு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கல்யாணத்துக்கு முன்னாடி நானும் அந்தக் கூட்டத்துல உக்காந்திருக்கேன். பொம்பளைங்கள முன் வரிசையில உக்கார வைப்பாரு."

இத்தனை வருஷத்தில் அவள் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை. இன்று கேட்டேன். அடுப்பை மறந்து பேசினாள், சோறு குழைந்துவிட்டது. அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். பாதியில் தூங்கிவிட்டாள். மீதியை நாளைக்குக் கேட்க வேண்டும்.